பாடக்குறிப்பு, அலகு மூன்று

ஞாயிறு ராத்திரி ஒன்பதரை.
கடையாலுமூட்டில் கரண்ட் போய், வந்து, போய், வந்திருக்கிறது.
ஸ்கேல் வைத்து நான்கு கட்டம் போட்டாயிற்று:
நோக்கம், துணைக்கருவி, நேரம், மதிப்பீடு.
இரண்டாம் வகுப்பு ஆங்கிலம்.
இன், ஆன், அண்டர்.
பதினேழு பிள்ளைகள், நாற்பது நிமிஷம்.

நோக்கம்:
'பொருள்கள் இருக்கும் இடத்தைக் கூறுவர்.'
எழுதி முடித்ததும் சந்தேகம்.
நம் பேச்சில் பொருள்தான் முதலில் வரும்,
இடம் அதன் வாலைப் பிடித்து வரும்.
மேசை, அப்புறம் மேல்.
கட்டில், அப்புறம் அடி.
இந்தப் பாஷைக்காரர்கள் மட்டும்
மேலே என்று சொல்லிவிட்டு
எதன் மேலே என்று பிறகு யோசிக்கிறார்கள்,
ஏணியைத் தூக்கிக்கொண்டு சுவரைத் தேடுகிற மாதிரி.
போன வருஷம் ரெஜின் எழுதினான்:
'டேபிள் ஆன் புக்.'
சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டேன்.
களியல் தாண்டும்போது பஸ்ஸில் உறைத்தது,
அவன் எழுதியது அச்சு அசல் தமிழ்:
மேசை மேல் புத்தகம்.

துணைக்கருவி:
புத்தகம் ஆப்பிளும் பிரம்புக்கூடையும் கேட்கிறது.
ஆப்பிள் வாங்கக் குலசேகரம் போகணும்.
அடித்துவிட்டுச் சிரட்டை என்று எழுதினேன்,
கூடவே ஒரு புளியங்கொட்டை.
கொட்டை சிரட்டைக்குள்ளே,
கவிழ்த்த சிரட்டை மேலே,
சிரட்டைக்கு அடியிலே.
ஓரத்தில் பொடி எழுத்தில்:
ஒட்டுப்பாலை உரித்துவிட்டுக் கொண்டுவரச் சொல்லவும்.

பால் என்றதும் முதல் அலகு ஞாபகம் வருகிறது.
'ரப்பர்' என்று போட்டு அழிப்பான் படம்.
ஒருத்தரும் ஒத்துக்கொள்ளவில்லை.
ரப்பர்னா மரமாக்கும் டீச்சர்,
எனக்க அம்ம முந்நூறு மூடு வெட்டுவா.
இதுவும் ரப்பர்தான் என்று நானும் விடவில்லை.
மறுநாள் ஜெபிஷா ஒரு ஷீட் துண்டோடு வந்தாள்,
புகை வாசத்தோடு, தீப்பெட்டி அகலத்துக்கு.
நோட்டில் தேய்த்தாள்.
பென்சில் கோடு அழிந்தது.
அதற்குமேல் நான் என்ன பேச?

நேரம்:
முதல் ஐந்து நிமிஷம், தூங்குகிறவர்களை எழுப்ப.
தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு
மூன்று மணிக்கு அம்மைமார் இறங்கினால்
உள்ளே தாழ் போட இவர்கள்தான் எழும்பணும்.
மழை பெய்தால் வெட்டு இல்லை,
வீட்டில் காசு இல்லை,
ஆனால் அன்றைக்குப் பதினேழு பேருக்கும் கண் பளிச்சென்றிருக்கும்.
இதை எழுத எனக்குக் கட்டம் இல்லை.

மதிப்பீடு:
இங்கேதான் பேனா நிற்கிறது.
ஆகஸ்டில் சேர்ந்த ஃபூல்மணி,
அப்பாவுக்குத் தடி மில்லில் வேலை,
ஊர் ஜார்கண்டில் எங்கேயோ.
தமிழ் வகுப்பில் வாய் திறக்க மாட்டாள்.
பிள்ளைகள் வெள்ளம் என்று குடிப்பதைப்
புத்தகம் தண்ணீர் என்கிறது,
புத்தகத்து வெள்ளத்தில் ஊர் மூழ்குகிறது,
அவள் வாயில் இருப்பதோ பானி.
எதைப் பிடிப்பாள் பாவம்.
ஆங்கில வகுப்பில் மட்டும்
வாட்டர் என்று பதினேழு பேரும் ஒன்றுபோல் தடுக்கி விழ,
எழுந்து முதலில் சிரித்தவள் அவள்.

வெள்ளிக்கிழமை அவள் பையைக் காட்டி
எங்கே இருக்கு என்று சைகையில் கேட்டேன்.
'பெஞ்ச் கே நீச்சே.'
பெஞ்ச், அப்புறம் அடி.
அவளுக்கும் பொருள்தான் முதலில்!
ஆக, நாளைக்கழித்து இந்த வகுப்பில்
ஒரே தப்பைப் பதினேழு பேரும் செய்வார்கள்,
ரெஜினின் தப்பை, என்னுடைய தப்பை,
ஜார்கண்டிலிருந்து ரயிலேறி வந்த தப்பை.

மேற்பார்வையாளர் வந்தால் கேட்பார்.
கேட்கட்டும்.
நாலாம் கட்டத்தில் எழுதுகிறேன்:
முதல் நாள் சிவப்பு மை வேண்டாம்.
'சிரட்டை இன் கொட்டை' என்றால் சரி என்று தலையாட்டவும்.
திருப்பிப் போடுவது புதன்கிழமை.

மறுபடி கரண்ட் போய்விட்டது.
போன் வெளிச்சத்தில் கடைசி வரி:
செவ்வாய், சிரட்டை பதினெட்டு.
ஒன்று எனக்கு.